நாக்கில் பாதியை எடுத்த பிறகு அப்பாவால் தமிழ் பேச முடியுமா?

அப்பாவின் நாக்கில் பக்கவாட்டில் புற்றுநோய், பாதியை எடுக்கவேண்டும் என்கிறார்கள், பிறகு பேச்சு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் இங்கே சிங்கப்பூரில் எனக்கும் இடப்பக்கப் பாதியை எடுத்தார்கள். எனக்குப் பேச்சு வந்தது. பழைய பேச்சு அல்ல. ஆனால் வீட்டாருக்கும் கடைக்காரருக்கும் புரிகிற பேச்சு.

எடுத்த இடத்தை நிரப்ப என் முன்கைத் தோலை ரத்தக் குழாய்களோடு எடுத்து, கழுத்து ரத்தக் குழாய்களில் இணைத்துத் தைத்தார்கள். அந்தத் தோல் தானாக அசையாது, சுவையும் அறியாது. பேசுவதும் விழுங்குவதும் மிஞ்சிய நாக்கின் வேலை. ஆகவே எவ்வளவு எடுக்கிறார்கள், நுனி தப்புமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள்.

முதல் சில நாட்கள் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு ஒரு குழாய், மூக்கு வழியே உணவுக்கு ஒரு குழாய். குரலே இல்லை. சிறிய வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினேன்.

பேச்சுப் பயிற்சியாளர் சீனப் பெண்மணி, மிகவும் பொறுமைசாலி. ஆனால் அவர் தந்த பயிற்சித் தாளில் இருந்தவை எல்லாம் ஆங்கிலச் சொற்கள். நான் வீட்டில் பேசுவது தமிழ். நம் ட, ண, ள, ழ எழுத்துகளுக்கு நாக்கு நுனி மேலே வளைந்து பின்னால் போகவேண்டும். அதற்கு அந்தத் தாளில் எதுவும் இல்லை. இதைச் சொன்னதும், "நீங்களே சொற்களை எழுதி வாருங்கள், நாக்கு எங்கே தொடுகிறது என்று காட்டுங்கள், நான் பயிற்சி அமைத்துத் தருகிறேன்" என்றார். அன்றிரவே நானும் மனைவியும் உட்கார்ந்து எழுதினோம். எனக்குத் திருப்பம் அங்கேதான்.

உதட்டில் பிறக்கும் ப, ம, வ எனக்குக் கெடவில்லை. க அடிநாக்கின் வேலை, அதுவும் தப்பியது. அம்மா, அப்பா, மாமா எல்லாம் முதலில் வந்தன. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் "கோப்பி ஓ" (பால் சேர்க்காத காப்பி) என்றேன். கடைக்காரர் மறுபடி கேட்காமல் ஊற்றினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "தே தாரிக்" (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) என்று சொல்ல வர மேலும் மூன்று மாதமானது. மகனைத் "தம்பி" என்று கூப்பிட்டே பழகியவன் நான். "கம்பி" என்றுதான் வந்தது. அவன் அதற்கும் "என்னப்பா" என்று வந்து நின்றான்.

இன்று த, ல, ர தெளிவு. ழகரம் மட்டும் திரும்பவில்லை. தொலைபேசியில் இன்னும் சிரமம். நேரில் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள்.

இடையில் ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என 30 தடவை கதிர்வீச்சு. எச்சில் வற்றியது, வாய் திறப்பது குறைந்தது, வந்த பேச்சும் பின்வாங்கியது. அப்போது வாய் திறக்கும் பயிற்சியை அப்பா விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் ஒன்று சொல்லவேண்டும். ரசம் சாதம்தான் எளிது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அதுதான் கடினம்: ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடும், பருக்கை வாயிலேயே நிற்கும், இருமல் பிடுங்கிவிடும். குழைய மசித்த தயிர் சாதம் ஒரே பதமாக இறங்கியது. குடித்த பிறகு குரல் ஈரமாகக் கரகரத்தால், தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருக்கலாம். உடனே பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.

அப்பா திணறும்போது அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். அன்பினால்தான் செய்வார்கள், தெரியும். ஆனால் பேச வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்ள எனக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

அறுவைக்கு முன்பே பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அப்பா அன்றாடம் சொல்லும் ஐம்பது சொற்களை, பேரப்பிள்ளைகளின் பெயர் முதல் இறங்கும் பஸ் நிறுத்தம் வரை, எழுதி எடுத்துப் போங்கள். என் பட்டியலை இன்னும் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் கேளுங்கள், தட்டச்சு செய்து இங்கேயே போடுகிறேன்.