மீட்டர் 8 காட்டுகிறது, நல்லதா கெட்டதா? – வாசகர் கேள்விகள்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் பி.எச். மீட்டரை முக்கினேன், இந்த எண் வந்தது, பயப்படலாமா வேண்டாமா? எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் என் கட்சி. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடல் தண்ணீர் இவ்வளவு கரிக்கிறதே, அது அமிலமா காரமா? – மாணவி, கீழக்கரை

கரிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பி.எச். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். சுத்தமான தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்தாலும் பி.எச். 7-ஐ ஒட்டித்தான் நிற்கும். கடல்நீர் 8.1 வாக்கில் இருக்கிறது, அதாவது லேசான காரம். அதற்குக் காரணம் அதில் கரைந்துள்ள பைகார்பனேட்டும் கார்பனேட்டும்.

பி.எச். என்பது ஹைட்ரஜன் அயனியின் கணக்கு. 1909-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் இருந்த வேதியியலாளர் சோரன்சன் கொண்டுவந்தது. தலைகீழ்க் கணக்கு அது: அயனி கூடினால் எண் குறையும், ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று அர்த்தம். சுத்தமான தண்ணீரிலும் சுமார் 55 கோடி மூலக்கூறுக்கு ஒன்று தானாகவே பிரிந்து நிற்கும். ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் அங்கே சம அளவு. அந்த நடுநிலை 25 டிகிரியில் 7. அதே தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் 6.5 ஆகிவிடும், ஆனாலும் நடுநிலைதான். தேர்வில் 7 என்றே எழுதுங்கள், பக்கத்தில் 25 டிகிரி என்று போட மறக்காதீர்கள்.

இறால் குளத்தில் விடியற்காலை 7.6, மத்தியானம் மூன்று மணிக்கு 9. மீட்டர் கெட்டுவிட்டதா? – தொண்டி

மீட்டரை விடுங்கள், குளத்தைப் பாருங்கள். தண்ணீர் நல்ல பச்சையாக இருக்குமே? ராத்திரி முழுக்க இறாலும் பாசியும் விடும் மூச்சில் கரியமில வாயு சேருகிறது. அது தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகி எண்ணை இறக்குகிறது. வெயில் ஏறியதும் பாசி அந்த வாயுவை இழுத்துக்கொள்ள, எண் ஏறுகிறது. எல்லாக் குளத்திலும் நடப்பதுதான். ஆனால் வித்தியாசம் 0.5-க்குள் நிற்க வேண்டும். உங்களுக்கு 1.4. பாசி மிஞ்சிவிட்டது, அல்லது எண் எகிறாமல் தாங்கும் சக்தி தண்ணீருக்கு இல்லை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

அந்தத் தாங்கும் சக்தியை அளக்க டெஸ்ட் கிட்டில் 'ஆல்கலினிட்டி' என்று ஒரு பாட்டில் இருக்கும், பலரும் அதைத் திறப்பதே இல்லை. பி.எச். கையில் இருக்கும் சில்லறை என்றால் ஆல்கலினிட்டி பெட்டியில் இருக்கும் பணம். அமிலம் வந்தால் பைகார்பனேட் அதை வாங்கிக்கொள்ளும், காரம் வந்தாலும் ஈடு கொடுக்கும். கடல்நீரில் இது, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்குச் சுமார் 115 மில்லிகிராம். குளத்தில் 100-க்குக் கீழே விடாதீர்கள்.

9-இல் இன்னொரு ஆபத்து உண்டு. தீனி மிச்சத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் அமோனியா, 8-இல் பெரும்பாலும் அவ்வளவாகத் தீங்கில்லாத அம்மோனியம் அயனியாக இருக்கும். வாயு வடிவில் இருப்பது பத்தில் ஒரு பங்குகூட வராது. 9 ஆனதும், நம் ஊர்ச் சூட்டில், அது 40 விழுக்காட்டை நெருங்கும். இறாலைக் கொல்வது அந்த வடிவம்தான். மொத்த அமோனியா கூடவே வேண்டாம், எண் ஏறினாலே போதும்.

அதனால் மத்தியானத்தில் நீற்றிய சுண்ணாம்பைக் கொட்டும் வேலை மட்டும் வேண்டாம், அது எண்ணை இன்னும் மேலே தூக்கிவிடும். சுண்ணாம்புக்கல் தூளோ சமையல் சோடாவோ போட்டால் எண் அதிகம் எகிறாமல் ஆல்கலினிட்டி ஏறும். தீனியைக் குறைத்து, தண்ணீரில் கொஞ்சம் மாற்றுங்கள்.

சுறா, திருக்கையைப் புளித்தண்ணீரில் அலசினால் நெடி போகிறதே, எப்படி? – பெரியபட்டினம்

இந்த மீன்களின் உடம்பில் யூரியா அதிகம். பிடித்த பிறகு பாக்டீரியா அதை அமோனியாவாக உடைக்கிறது. அமோனியா காரம், புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் உப்பு, உப்பு ஆவியாகி மூக்குக்கு வராது. மற்ற மீன்களின் வாடைக்குக் காரணமான ட்ரைமெத்திலமீனும் காரம்தான், அதனால் எலுமிச்சை அங்கேயும் வேலை செய்கிறது.

ஆனால் வாடை போனதால் கெட்ட மீன் நல்ல மீனாகிவிடாது. ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையில் சேரும் ஹிஸ்டமின் என்ற நச்சைப் புளியும் எடுக்காது, கொதியும் எடுக்காது.

கேன் தண்ணீர் 6.2 காட்டுகிறது. ஆல்கலைன் மெஷின் வாங்கலாமா? – மண்டபம்

வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் பைகார்பனேட் அநேகமாக வடிகட்டப்பட்டுவிடுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கொஞ்சம் கரைந்தாலே எண் இறங்கிவிடும். மழைத்தண்ணீரே 5.6 வாக்கில்தான் இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 6.5 முதல் 8.5 வரை என்பது உண்மைதான், ஆனால் 6.2 எலும்பைக் கரைக்கும் என்பதெல்லாம் மெஷின் விற்பவர் கதை. தாது உப்பில்லாத பி.எச். 9 தண்ணீர் ஒரு லிட்டர் குடித்தாலும், அதிலுள்ள காரத்தை வயிற்று அமிலத்தின் சில துளிகளே தீர்த்துவிடும்.

குழாயில் படியும் வெள்ளைப் பொருக்குக்கு ஆசிட் ஊற்றலாமா? – தேவிபட்டினம்

போர் தண்ணீரின் பொருக்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். பழைய துணியை வினிகரில் நனைத்துக் குழாயில் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். நுரை நுரையாகக் கிளம்புவது கரியமில வாயு. ஆசிட்டுக்கு அவசியமில்லை. அதையும் மீறி ஊற்றினால், பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

கடல் அமிலமாகிறதாமே, நம் பவளப்பாறைகள் கரைந்துவிடுமா? – ராமேசுவரம்

கடல் அமிலமாகிவிடவில்லை, காரம் குறைகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 வாக்கில் இருந்த மேல்மட்டக் கடல்நீர் இப்போது 8.1. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கரையும் கரியமில வாயு கார்பனேட்டைப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுவதால், பவளம் கூடு கட்டத் தேவையான சரக்கு குறைகிறது. ஆகவே கரைவதைவிட வளர்ச்சி மந்தமாவதுதான் முதல் கவலை. மன்னார் வளைகுடாத் தீவுகளில் பவளம் வெளுத்ததற்குக் காரணம் அமிலம் அல்ல, முக்கியமாகக் கடல் சூடு. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வேட்டியில் குழம்புக்கறை. சோப்பு போட்டதும் ரத்தம் மாதிரி சிவக்கிறது! – ஏர்வாடி

பயப்படாதீர்கள். மஞ்சளின் குர்குமின் காரத்தில் சிவக்கும். துவைக்கும் சோப்பு காரம், அவ்வளவுதான். நன்றாக அலசினால் மஞ்சளுக்குத் திரும்பிவிடும். பிறகு நல்ல வெயிலில் போடுங்கள், குர்குமின் வெளிச்சத்துக்குத் தாங்காது.