அந்தப் பக்கம் எது?

அன்புள்ள ஐயா,

உலகம் முழுக்க ஒரே அரசு வந்துவிட்டால் மதச் சண்டைகள் ஓயும், மதத்தை விமர்சிக்கிறவரை எந்த நாடும் சிறையில் தள்ள முடியாது என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் ஒரே சட்டம். இதில் உங்களுக்கு ஏன் தயக்கம்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

ஒரே சட்டம், சரி. அதை யார் எழுதுவது?

உலக அரசுக்கு இதுவரை நடந்த ஒத்திகை என்றால் ஐ.நா. சபைதான். 1948-ல் மனித உரிமைப் பிரகடனத்தின் 18-வது பிரிவு வந்தபோது, மதம் மாறும் உரிமையைச் சவூதி அரேபியா எதிர்த்தது. பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கானோ குர்ஆன் வசனத்தையே எடுத்துச் சொல்லி அதை ஆதரித்தார். பிரகடனம் நிறைவேறியது. ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. நாடுகளைக் கட்டுப்படுத்தும் 1966 ஐ.நா. மனித உரிமை உடன்படிக்கையில் ‘மாறும்’ என்ற சொல்லே இல்லை. ஒரு மதத்தை ‘கொண்டிருக்கவோ ஏற்கவோ’ உரிமை உண்டு என்று மழுப்பிவிட்டார்கள்.

2023-ல் ஸ்வீடனில் குர்ஆன் எரிக்கப்பட்ட பிறகு ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில், இப்படிப்பட்ட செயல்களைத் தடுக்கச் சொல்லி ஒரு தீர்மானம் வந்தது. ஆதரவு 28, எதிர்ப்பு 12, நடுநிலை 7. அந்த 28-ல் இந்தியாவும் உண்டு. எரித்தது அசிங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று அது வெறும் தீர்மானம். உலக நாடாளுமன்றத்தில் அதே 28 கைகள் தூக்கினால் அது சட்டம்.

அப்புறம், மதத்தை விமர்சித்தவர்கள் பலரும் பிழைத்தது நல்ல சட்டத்தால் அல்ல, பக்கத்தில் வேறு ராஜ்ஜியம் இருந்ததால். 1670-ல் தத்துவவாதி ஸ்பினோசா மதத்தை விமர்சித்து எழுதிய புத்தகம் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. முகப்பில் ஆசிரியர் பெயர் கிடையாது. அச்சான ஊர் ஹாம்பர்க் என்று பொய் வேறு. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர், பிரான்ஸ் எல்லையோர ஊரான ஃபெர்னேயில் இடம் வாங்கியதற்கு முக்கியக் காரணம், ஜெனீவா எல்லை கூப்பிடு தூரம். பாரிஸிலிருந்து பிடிக்க ஆள் வந்தால் வண்டியைப் பூட்டி அந்தப் பக்கம் போய்விடலாம். (ஜெனீவாக்காரர்களும் அவர் புத்தகத்தை எரித்தார்கள் என்பது வேறு கதை.) உலக அரசில் அந்தப் பக்கம் எது?

குர்ஆனைச் சொல்லி மதம் மாறும் உரிமையை ஆதரித்த அந்த ஜஃபருல்லா கான், தங்களை முஸ்லிம்களாகவே கருதும் அஹ்மதியா என்ற சிறுபான்மைப் பிரிவைச் சேர்ந்தவர். 1974-ல் பாகிஸ்தான் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, அஹ்மதியாக்கள் முஸ்லிம்களே இல்லை என்று அறிவித்தது. அவர் அப்போது லண்டனில் இருந்தார்.