ஒரு புகைபோக்கிக்கு எத்தனை சட்டங்கள்?

கேள்வி: எங்கள் தெருவை ஒட்டியுள்ள அரிசி ஆலையின் புகைபோக்கியிலிருந்து உமிச்சாம்பல் பறந்துவந்து, காயப்போட்ட துணிகளிலும் வற்றல் பாயிலும் படிகிறது. காற்று மாசுக்கெனத் தனிச் சட்டம் இருக்கையில், புகார் என்று போனால் வெவ்வேறு சட்டங்களின் பெயரைச் சொல்கிறார்களே, நாங்கள் எதைப் பிடித்துக்கொள்வது?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஆலையின் இசைவாணையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், 21ஆம் பிரிவின்படி, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றி இத்தகைய ஆலையை நிறுவவோ இயக்கவோ கூடாது என்கிறது. ஆனால் எவ்வளவு தூசு வெளியேறலாம் என்னும் தொழில்வாரியான வரம்புகள், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளில் உள்ளன. மாநில வாரியம் அவற்றைக் கடுமையாக்கலாமே தவிரத் தளர்த்த முடியாது. இவ்விரு சட்டங்களும் ஒன்றுசேரும் இடம் இசைவாணைதான் என்பதால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் நகலைக் கேட்டு வாங்கி, புகைபோக்கியின் உயரம், தூசு பிடிக்கும் கருவி ஆகியவை பற்றிய நிபந்தனைகளை முதலில் படியுங்கள்.

நெல் ஏற்றிவரும் லாரியின் புகை வேறு கணக்கு. அது மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் போக்குவரத்துத் துறையிடம் போகிறது. காற்றுச் சட்டத்தின் 20ஆம் பிரிவோ, வாகனப் புகை குறித்து மாநில அரசு வாரியத்தைக் கலந்து அத்துறைக்கு அறிவுறுத்தலாம் என்ற அளவில் நின்றுகொள்கிறது.

ஆலை இசைவாணையின் நிபந்தனையை மீறியிருந்தால், காற்றுச் சட்டத்தின் 31அ பிரிவின்படி ஆலையை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் வாரியம் ஆணையிடலாம். இசைவு தொடர்பான மீறல்களுக்கு முன்பு குறைந்தது ஒன்றரை ஆண்டு சிறை என்றிருந்தது, 2024 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரையிலான அபராதமாக மாறிவிட்டது. நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபடாமல் அதிகாரியே அதை விதிக்கலாம் என்பது நன்மைதான். ஆனால் பெரிய ஆலைக்கு அத்தொகை உறைக்குமா என்பது எனக்கு ஐயமே.

சாம்பல் விழுந்த நாள், நேரம், காற்றடித்த திசை ஆகியவற்றை ஒளிப்படங்களுடன் குறித்து, வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அங்கே அசைவில்லையெனில், 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம். அத்தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் அட்டவணையில் 1981, 1986 சட்டங்கள் இரண்டும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் இல்லை. பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து 6 மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள் கிடைக்கலாம் என்பதால், வாரியத்தின் பதிலுக்காகவே காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள்.