ஆண்டறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

சர்வதேச வணிக மேலாண்மைப் பள்ளிகள் ஆண்டுதோறும் வெளியிடும் முன்னேற்ற அறிக்கைகளைப் பற்றியும், அந்தப் பள்ளிகளை வழிநடத்தும் தலைவர்களான டீன்களைப் பற்றியும் இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருப்பதால், இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நான் எம்.பி.ஏ. சேர விரும்பும் பள்ளி தன் ஆண்டறிக்கையை அனுப்பியிருக்கிறது. தரவரிசையில் ஒன்பது இடங்கள் முன்னேற்றம், புதிய கட்டடம், புதிய டீன் பொறுப்பேற்பு ஆகிய மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. புதிய தலைமையால்தான் இந்த முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாமா? (வாசகி ஒருவர்)

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று செய்திகளும் ஒரே பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்றுக்கொன்று காரணமாகிவிடாது. தரவரிசை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் இது விளங்கும்.

உலக அளவில் அதிகம் மதிக்கப்படும் பட்டியல்களில் ஒன்றான ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழின் எம்.பி.ஏ. தரவரிசை 1999 முதல் வெளிவருகிறது. படிப்பை முடித்து மூன்று ஆண்டுகள் ஆனவர்களிடம்தான் அது கேள்விகளை அனுப்புகிறது. 2024 தொடக்கத்தில் வெளிவந்த பட்டியலுக்காக, 2020இல் படிப்பை முடித்தவர்களிடம் 2023இல் சம்பளம், பதவி உயர்வு, படிப்பின் மீதான மனநிறைவு ஆகியவை கேட்கப்பட்டன. அவர்களில் இரண்டாண்டுப் படிப்பில் இருந்தவர்கள் 2018இல் சேர்ந்தவர்கள். முந்தைய ஆண்டுகளின் விடைகளும் கணக்கில் சேர்க்கப்படுகின்றன. மொத்த மதிப்பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இந்த முன்னாள் மாணவர்களின் சம்பளத்தையும் படிப்புக்குப் பின் அது எவ்வளவு உயர்ந்தது என்பதையும் பொறுத்தது. ஆகவே இன்று ஒரு பள்ளி ஒன்பது இடங்கள் முன்னேறியிருந்தால், அதில் பெரும்பகுதி ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும், அவர்களுக்குப் பாடம் நடத்தியவர்களுக்கும், அப்போது டீனாக இருந்தவருக்கும் உரியது. இந்த ஆண்டு பொறுப்பேற்றவரின் உழைப்பு இனிமேல்தான் எண்களாக வரும். புதியவர் முந்தையவருக்கு நன்றி சொல்லி அந்த அறிக்கையைத் தொடங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். அது வெறும் மரியாதைக்காகச் சொல்லப்படும் நன்றி அன்று. கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டவர்தான் அதைச் சொல்வார்.

தரவரிசைக்குப் பதிலாக எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டின் ஆசிரியர் பட்டியலையும் இந்த ஆண்டின் பட்டியலையும் அருகருகே வைத்து, யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர்களைப் படத்துடன் போடுவார்கள். விட்டுச் சென்றவர்களைத் தேடினால்தான் கிடைக்கும். நல்ல ஆய்வாளர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே ஆண்டில் ஒரே துறையிலிருந்து வெளியேறியிருந்தால், அதற்குக் காரணம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அடுத்து, வேலைவாய்ப்புப் பக்கத்தில் உள்ள விழுக்காட்டுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். படிப்பு முடிந்த மூன்று மாதங்களுக்குள் வேலை பெற்றவர்கள் என்று கொடுக்கப்படும் விழுக்காடு, வழக்கமாக வேலை தேடியவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. சொந்தத் தொழில் தொடங்கியவர்கள், பழைய நிறுவனத்துக்கே திரும்பியவர்கள், மேற்படிப்புக்குச் சென்றவர்கள், எந்தத் தகவலும் தராதவர்கள் ஆகியோர் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்பார்கள். அது தவறான முறை அன்று. ஆனால் வெளியே நிற்பவர்கள் எத்தனை பேர் என்று சொல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு கல்விக்கடன் வாங்கும் முடிவுக்கு வராதீர்கள்.

கேள்வி: தரவரிசைக்காகப் பள்ளிகள் பொய்க் கணக்குக் கொடுப்பதுண்டா, அல்லது அது தோற்றவர்கள் கிளப்பும் புரளியா?

உண்டு, நீதிமன்றத்திலேயே நிரூபணமாகியிருக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபாக்ஸ் வணிகப் பள்ளி, யு.எஸ். நியூஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் வெளியிடும் இணையவழி எம்.பி.ஏ. தரவரிசையில் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. சேர்ந்த மாணவர்கள் அனைவரும் மேலாண்மைப் படிப்புகளுக்கான ஜிமேட் நுழைவுத் தேர்வு எழுதியவர்கள் என்று பள்ளி தகவல் கொடுத்திருந்தது. உண்மையில் ஐந்தில் ஒருவர் அளவுக்கே எழுதியிருந்தார்கள் என்பது 2018 தொடக்கத்தில் வெளிவந்தது. அப்போது டீனாக இருந்தவர் 2021 நவம்பரில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் 14 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

இந்த வழக்கில் என் மனத்தை உறுத்துவது, முதலிடத்தை நம்பிப் பணம் கட்டிச் சேர்ந்த மாணவர்களின் நிலைதான். அவர்கள் நேர்மையாக உழைத்துப் பெற்ற பட்டத்தின் மேல் தாங்கள் செய்யாத பிழையின் கறை படிந்தது. ஒரு டீன் எடுக்கும் முடிவின் பாரத்தைக் கடைசியில் யார் சுமக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கேள்வி: 'சர்வதேச' என்ற சொல்லை இன்று எல்லாப் பள்ளிகளும் சேர்த்துக்கொள்கின்றன. அதற்கு ஏதாவது அளவுகோல் இருக்கிறதா?

பெயர்ப் பலகைக்கு அளவுகோல் இல்லை. பள்ளியின் தரத்தைச் சோதித்து வெளி அமைப்புகள் தரும் அங்கீகாரத்துக்கு உண்டு. அமெரிக்காவில் 1916இல் தொடங்கிய ஏ.ஏ.சி.எஸ்.பி., பிரிட்டனில் 1967இல் தொடங்கிய ஆம்பா, ஐரோப்பாவில் 1997இல் வந்த ஈக்விஸ் ஆகிய மூன்றும் உலக அளவில் மதிக்கப்படும் அங்கீகாரங்கள். மூன்றையும் ஒருசேரப் பெற்ற பள்ளிகள் உலகம் முழுவதிலும் நூற்றுச் சொச்சம்தான். இவற்றுள் ஈக்விஸ், பள்ளியின் சர்வதேசத் தன்மையைத் தனியாக எடைபோடுகிறது. அது மூன்று ஆண்டுகளுக்கோ ஐந்து ஆண்டுகளுக்கோ வழங்கப்படுகிறது. 'அங்கீகாரம் புதுப்பிக்கப்பட்டது' என்று ஆண்டறிக்கை சொன்னால், எத்தனை ஆண்டுகளுக்கு என்று பாருங்கள். ஐந்து என்றால் பெருமையோடு அச்சிடுவார்கள். ஆண்டையே சொல்லவில்லை என்றால் விசாரியுங்கள்.

மற்றபடி, பாரிஸ் அருகே ஃபொந்தேன்ப்ளோவில் 1957இல் தோன்றிய இன்சியாட் பள்ளியை இந்தச் சொல்லுக்கு உதாரணமாகக் காட்டுவேன். எந்த ஒரு நாட்டினரும் வகுப்பில் பெரும்பான்மை ஆகிவிடாதபடி சேர்க்கையை அமைத்துக்கொண்ட பள்ளி அது. 2000இல் சிங்கப்பூரில் வளாகம் திறந்தபோது அதை ஒரு கிளை அலுவலகம் போல நடத்தாமல், மாணவர்கள் இரு வளாகங்களுக்கும் மாறி மாறிச் சென்று படிக்கும்படி செய்தது. பத்து நாட்டுக் கொடிகளை வாசலில் நட்டுவிட்டு, வகுப்பறையில் ஒரே நாட்டின் நிறுவனங்களைப் பற்றி மட்டும் பேசும் பள்ளியை என்னால் சர்வதேசப் பள்ளி என்று ஏற்க முடியாது.

கேள்வி: டீன் என்பவர் உண்மையில் என்ன செய்கிறார்? நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி போன்றவரா? (கல்லூரி ஆசிரியர் ஒருவர்)

பதவிக்கு வரும் சிலர் அப்படி நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள், பிறகு சிரமப்படுகிறார்கள். நிரந்தரப் பணியில் உள்ள பேராசிரியரிடம் 'இதைச் செய்யுங்கள்' என்று டீனால் உத்தரவிட இயலாது. பாடத்திட்டத்தை ஆசிரியர் குழுதான் தீர்மானிக்கிறது. நிதி திரட்டுவது, முன்னாள் மாணவர்களைச் சந்திப்பது, நிறுவனங்களோடு பேசுவது என்று அவருடைய நாள்களில் பாதி பயணத்திலேயே கழியும். எஞ்சிய நேரத்தில் அவர் செய்யும் ஒரு வேலைதான் பள்ளியின் போக்கைத் தீர்மானிக்கிறது: யாரைப் பணியில் சேர்ப்பது, யாருக்கு நிரந்தரப் பணி தருவது, எதற்கு மறுப்புச் சொல்வது என்பவற்றில் அவர் எடுக்கும் நிலை.

அதன் பலன் எவ்வளவு தாமதமாக வரும் என்பதற்கு ஹார்வர்டு வணிகப் பள்ளியின் தொடக்க வரலாறே சாட்சி. 1908இல் பள்ளி தொடங்கியபோது முதல் டீனாக இருந்த எட்வின் கே, விரிவுரைகளைக் குறைத்து, உண்மையான தொழில் சிக்கல்களை மாணவர்கள் முன் வைத்து விவாதிக்கச் செய்ய வேண்டும் என்று விரும்பினார். அவர் காலத்தில் அது முழுமையாகக் கைகூடவில்லை. 1919இல் அவருக்குப் பின் வந்த வாலஸ் டோனம் சட்டம் படித்தவர். வழக்குகளை வைத்தே சட்டம் கற்ற அந்தப் பழக்கத்தை வணிகக் கல்விக்குக் கொண்டுவந்தார். தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் ஆய்வாளர்களை அனுப்பி, பாடமாக வைக்கத்தக்க நிகழ்வுகளை எழுதி வாங்கினார். உலகெங்கும் இன்று நடக்கும் 'கேஸ்' வகுப்புகளுக்கு வேர் அங்கே இருக்கிறது. எட்வின் கே 1919இல் ஓர் ஆண்டறிக்கை எழுதியிருந்தால், அவருடைய மிகச் சிறந்த எண்ணம் அதில் 'நிறைவேறாதவை' என்ற தலைப்பின் கீழ்தான் வந்திருக்கும்.

தலைமை எவ்வளவு காலம் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் என்பதற்கும் இத்தகைய புகழ்பெற்ற பள்ளிகளிலேயே சான்று உண்டு. ஹார்வர்டின் இரண்டாண்டு எம்.பி.ஏ. படிப்பில் முதலாண்டிலிருந்தே பெண்கள் சேர்க்கப்பட்டது 1963இல்தான், அதுவும் எட்டுப் பேர். அமெரிக்காவில் 1881இல் நிறுவப்பட்ட வார்ட்டன் வணிகப் பள்ளிக்கு எரிக்கா ஜேம்ஸ் என்ற பெண் முதன்முதலாக டீனாக வந்தது 2020 ஜூலையில். இடையில் கழிந்த 139 ஆண்டுகளிலும் அந்தப் பள்ளி 'முன்னேற்றம்' என்ற சொல்லைப் பயன்படுத்தாமலா இருந்திருக்கும்?

கேள்வி: தலைமைப் பண்பை வகுப்பறையில் கற்றுத்தர முடியுமா? (வேலையில் இருக்கும் இளைஞர்)

முழுவதும் முடியாது. ஆனால் அதன் ஒரு பகுதியைக் கற்றுத்தர முடியும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளியின் கேஸ் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார அனுமதி கிடைத்தது. குதிரை லாட வடிவத்தில் படிப்படியாக உயரும் இருக்கைகள், ஒவ்வொருவர் முன்னும் மடித்து நிறுத்திய பெயர் அட்டை. பேராசிரியர் உள்ளே வந்ததும் முன்னறிவிப்பில்லாமல் ஒரு மாணவரின் பெயரைச் சொல்லித் தொடங்கச் சொன்னார். அவர் எண்களையெல்லாம் சரியாக அடுக்கி, நட்டத்தில் ஓடும் ஆலையை மூட வேண்டும் என்று ஐந்து நிமிடங்களில் நிறுவிவிட்டார். எதிர்ப்பக்கம் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தி, "தொழிலாளர்களிடம் இதை யார் போய்ச் சொல்வது, எந்த நாளில்?" என்று மட்டும் கேட்டார். பேராசிரியர் அந்தக் கேள்வியைப் பலகையின் வலது மூலையில் எழுதிவிட்டு, வேறு எதையும் சொல்லாமல் விவாதத்தைத் தொடர விட்டார். மற்ற எழுத்துகள் பலமுறை அழிக்கப்பட்டன, அந்த மூலை மட்டும் அப்படியே இருந்தது. வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது முதலில் பேசிய மாணவரே எழுந்து, தன் திட்டத்தில் முதல் மூன்று மாதங்களை மாற்றி அமைக்க வேண்டும் என்றார். ஆலையை மூடும் முடிவை அவர் கைவிடவில்லை. ஆனால் அதற்கு முகம் கொடுக்க வேண்டியவர் தான்தான் என்பதை எண்பது பேர் முன்னால் ஒப்புக்கொண்டார். இவ்வளவை ஒரு வகுப்பறையால் தர முடியும்.

கேள்வி: நான் படித்த பள்ளியிலிருந்து தரவரிசைக் கணக்கெடுப்புக்கு விடை தரும்படி மின்னஞ்சல் வந்தது. 'பள்ளியின் பெயரை நினைவில் வைத்து விடை தாருங்கள்' என்று ஒரு வரி இருந்தது. என் சம்பளம் குறைவு. என்ன செய்வது? (முன்னாள் மாணவர்)

உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். விடை தராமலும் இருக்காதீர்கள். ஃபைனான்சியல் டைம்ஸ் பட்டியலில் இடம்பெற, கேட்கப்பட்டவர்களில் குறைந்தது 20 விழுக்காட்டினர் விடை தந்திருக்க வேண்டும் என்பது விதி. சம்பளம் குறைந்தவர்களெல்லாம் கூச்சத்தால் ஒதுங்கிக்கொண்டால், அடுத்துச் சேரப் போகிறவர் பொய்யான சராசரியைப் பார்த்துக் கடன் வாங்குவார். அந்த வரியை எழுதியவருக்கும் ஒரு பதில் மின்னஞ்சல் அனுப்பி, அதை நீக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியின் ஆண்டறிக்கையில் மாணவர்களுக்கென ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். மாணவர் பிரதிநிதியாக நான் எழுத வேண்டும். என்ன எழுதலாம்?

விழாக்களின் பட்டியலைத் தவிர்த்துவிடுங்கள், அது மற்ற பக்கங்களில் வந்துவிடும். இந்த ஆண்டு மாணவர்கள் கேட்டுக் கிடைத்தது ஒன்று, கேட்டும் கிடைக்காதது ஒன்று என இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எப்போது கேட்டீர்கள், யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதை விவரமாக எழுதுங்கள். உதவித்தொகை அறிவிப்பு தாமதமானதால் சேர முடியாமல் போன நண்பர் ஒருவர் இருந்தால், பெயரைச் சொல்லாமல் அதையும் எழுதலாம். வரைவை டீனிடம் நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். கிடைக்காத அந்த ஒன்றைப் பற்றிய பத்தியை நீக்கச் சொன்னால், நீக்குவதற்கு மாற்றாக அதன் கீழே அவருடைய பதிலை நான்கு வரிகளில் எழுதித் தரும்படி கேளுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பக்கத்தை எழுதப் போகும் மாணவருக்கு இரண்டின் நகலையும் இப்போதே எடுத்து வையுங்கள்.