வாய்தா டைரியில் ஏறாத தேதிகள்

கேள்வி: கிருஷ்ணகிரியில் நானும் கல்லூரி நண்பரும் சேர்ந்து வக்கீல் அலுவலகம் போட்டு இரண்டரை வருடம் ஆகிறது. ஒரு குமாஸ்தா, ஒரு ஜூனியர், சுமார் 180 வழக்குக் கட்டுகள். ஓசூர், ஊத்தங்கரை என்று அலைச்சல் வேறு. போன மாதம் ஒரு புரோநோட்டு பிராது, குறைகளைச் சரிசெய்யச் சொல்லி கோர்ட்டிலிருந்து ரிட்டர்ன் ஆகி, குமாஸ்தா அதை வாங்கிவந்து பீரோவில் வைத்ததோடு சரி. எங்களுக்குத் தெரியவே 5 வாரம் ஆனது. பீஸ் பாக்கியும் ஏறிக்கொண்டே போகிறது. சாப்ட்வேர் வாங்கினால் எல்லாம் சரியாகுமா? (பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி)

பதில்: சாப்ட்வேர் அப்புறம். முதலில் அந்தப் பிராது. ரிட்டர்னில் குறித்த குறைகளைச் சரிசெய்து, அவகாசம் தாண்டிய நாட்களை எண்ணி, மறுதாக்கல் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு இந்த வாரமே போடுங்கள். அஃபிடவிட்டில் மஞ்சள் காமாலையைக் கொண்டுவராதீர்கள். கேட்டுக் கேட்டு நீதிமன்றத்துக்கே அலுத்துப்போன நோய் அது. பீரோவில் கிடந்ததைச் சொன்னாலே போதும். முதல் தாக்கல் 3 வருடக் கெடுவுக்குள் நடந்து, கோர்ட் ஃபீஸும் முழுதாகக் கட்டியிருந்தால் இது மறுதாக்கல் தாமதம் மட்டும்தான், பிழைத்துக்கொள்ளலாம். ஃபீஸைக் குறைத்து ஒட்டிப் போட்டிருந்தால் கதை வேறு. குறை ஃபீஸைப் பிறகு கட்ட நீதிமன்ற அனுமதி கேட்கும் சிவில் நடைமுறைச் சட்டம் 149-ம் பிரிவும் காலாவதி வாதமும் சேர்ந்தே வந்து நிற்கும். கட்சிக்காரரை நேரில் வரச்சொல்லி நடந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள். கோர்ட் வாசலில் வேறொருவர் சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

இனி அலுவலகம். வாய்தா டைரி எல்லோரிடமும் இருக்கிறது. அதில் ஏறுவது நீதிமன்றம் கொடுக்கும் தேதிகள் மட்டுமே. அந்தத் தேதிக்கு நீங்கள் போகாவிட்டாலும் கோர்ட் ஊழியரான மேசைக்காரர் கூப்பிடுவார், எதிர்த்தரப்பு வக்கீல் போன் செய்வார். ஆளைக் கவிழ்ப்பவை யாருமே கொடுக்காத தேதிகள்: ரிட்டர்ன் அவகாசம், சம்மன் அனுப்பப் பேட்டா கட்ட வேண்டிய நாள், தீர்ப்பு நகலுக்குக் கோர்ட் ஸ்டாம்ப் கேட்ட நாள், செக் நோட்டீஸ் கெடு, அப்பீல் கெடு. இவற்றுக்கென்று தனியாக ஒரு நீளநோட்டு போடுங்கள். கட்டு எண், என்ன வேலை, சட்டப்படி கடைசி நாள், நமக்கு நாமே வைத்த நாள், பொறுப்பாளர் என ஐந்து பத்தி. நான்காவது பத்தி எப்போதும் மூன்றாவதற்கு ஒரு வாரமாவது முன்னால் இருக்கட்டும்.

செக் கேஸை எடுத்துக்கொள்ளுங்கள். மாங்கூழ் வியாபாரப் பாக்கிக்குக் கொடுத்த செக் திரும்பி, பேங்க் மெமோ மார்ச் 4 அன்று கட்சிக்காரர் கையில் கிடைக்கிறது. 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 3-க்குள் நோட்டீஸ் போக வேண்டும். எதிராளி அதை ஏப்ரல் 10 அன்று வாங்கினால், பணம் கட்ட அவருக்கு 15 நாள், ஏப்ரல் 25 வரை. அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். நோட்டில் மே 25 என்று எழுதி, நமக்கு மே 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு முழுக்க நிற்பது தபால் பட்டுவாடா ஆன தேதியின்மேல். ஒப்புதல் அட்டை வராது, வந்தாலும் தேதி படிக்க வராது. தபால் துறை இணையதளத்தில் பட்டுவாடா விவரத்தை அன்றைக்கே பிரிண்ட் எடுத்துக் கட்டில் கோத்துவிடுங்கள். நாளாக ஆக அந்த விவரம் இணையத்தில் கிடைக்காமல் போகும்.

அப்பீலில் நடக்கும் தவறு இதைவிட நுட்பமானது. சார்பு நீதிமன்றத்துக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் வாங்க ஆகும் காலம் கழியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கழிவது நகலுக்குத் தேவைப்பட்ட காலம்தான், நாம் தூங்கிய காலம் அல்ல. சான்றிட்ட நகலைத் திருப்பிப் பாருங்கள்: மனுப் போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி என்று வரிசையாக இருக்கும். கேட்ட தேதிக்கும் கட்டிய தேதிக்கும் நடுவில் 12 நாள் ஓடியிருந்தால் அந்த 12 நாளை உங்கள் கணக்கில்தான் எழுதுவார்கள். தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்களும் அப்படியே. தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு, அதன்பின் வாரம் இரண்டு முறை ஸ்டாம்ப் பட்டியலைப் பார்ப்பது. இது ஜூனியர் பொறுப்பு, குமாஸ்தா பொறுப்பு அல்ல.

மோட்டார் வாகன விபத்து வழக்குகளுக்கும் இந்த நோட்டில் இடம் வேண்டும். 44-ம் எண் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைக் கிழித்துக்கொண்டு போவதால் இவை வந்துகொண்டேதான் இருக்கும். 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில் இழப்பீட்டு மனுவுக்கு 6 மாதக் கெடு வந்திருக்கிறது. அதை எதிர்த்து என்ன வாதம் இருந்தாலும் உங்கள் நோட்டில் 5 மாதம் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டுகளுக்குப் பெயர் வைக்காமல் வருட வாரியாக எண் கொடுங்கள். ஒரே ஊரில் நாலு முனியப்பன், மூன்று கிருஷ்ணப்பா இருக்கும் இடம் இது. மேலட்டையில் ஈ-கோர்ட்ஸில் வழக்கைத் தேட உதவும் சி.என்.ஆர். எண், அடுத்த வாய்தா, அன்றைக்கு என்ன வேலை, யார் பொறுப்பு. கோர்ட் முடிந்து வந்ததும் 20 நிமிடம் நால்வரும் உட்கார்ந்து அன்றைய கட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து எழுதி முடியுங்கள். தேதி எழுதாத கட்டு அலமாரிக்குத் திரும்பக் கூடாது. குமாஸ்தா கையில் கோர்ட்டிலிருந்து எந்தப் பேப்பர் வந்தாலும் அன்றே நோட்டில் ஒரு வரி. உங்கள் பிராது தவறியது இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

300 கட்டு வரை இதற்குக் காசு கொடுத்து சாப்ட்வேர் தேவையில்லை. வழக்கின் நிலையையும் அடுத்த தேதியையும் காட்டும் ஈ-கோர்ட்ஸ் ஆப் இலவசம். எல்லா வழக்குகளையும் அதில் சேமித்துக்கொள்ளுங்கள். சில நாள் தேதி தாமதமாக ஏறும் என்பதால் கோர்ட்டில் வாய்தாக்களை எழுதிவைக்கும் ஏ டைரியைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். ரிட்டர்ன் ஆன பேப்பர் யார் பீரோவில் இருக்கிறது என்று எந்த ஆப்பும் சொல்லாது.

ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர், தேன்கனிக்கோட்டை இன்னும் தள்ளி. ஒரு வாய்தாவுக்காக ஒரு நாள் போகிறது. அந்த ஊர்களில் ஒரு வழக்கறிஞரை வக்காலத்திலேயே சேர்த்து, பீஸில் அவர் பங்கை முதலிலேயே பேசிவிடுங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கட்சிக்காரர் கன்னடமோ தெலுங்கோ பேசுபவராக இருந்தால், அஃபிடவிட்டை அவர் மொழியில் படித்துச் சொன்னவர் யார் என்று அதிலேயே குறிப்பிடுங்கள். குறுக்கு விசாரணையில் 'எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது' என்று அவர் சொல்லும்போது அது உதவும்.

பீஸ் பாக்கி ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பேசாததுதான். தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள்: மொத்த பீஸ், தாக்கலின்போது எவ்வளவு, சாட்சி விசாரணைக்கு முன் எவ்வளவு, வாதத்துக்கு முன் எவ்வளவு, செலவு தனி. இரு தரப்பும் கையெழுத்து. பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்க முடியாது. வழக்கறிஞருக்கு அந்த உரிமை இல்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் ஆர்.டி. சக்சேனா வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பே வாங்குவதுதான் வழி. விபத்து வழக்கில் 'வர்ற தொகையில இவ்வளவு பர்சன்ட்' என்பதைப் பார் கவுன்சில் விதி தடுக்கிறது.

செலவுப் பணத்துக்குத் தனி பேங்க் கணக்கு திறங்கள். கோர்ட் ஃபீஸ் 2017-ல் 7.5 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைந்தாலும், 5 லட்சம் புரோநோட்டுக்கு 15,000 ரூபாய் ஆகிறது. கட்சிக்காரர் 20,000 கொடுத்து 'வச்சுக்கங்க சார்' என்று போகிறார். மாதக் கடைசி, வாடகை கட்ட வேண்டும், கை அதில் போகிறது. பிராது குறை ஃபீஸோடு போவது இப்படித்தான். செலவுக்கு வாங்கியதை, அவர் எழுதிக் கொடுக்காமல், பீஸாக மாற்ற விதி அனுமதிக்கவில்லை. சமரசத்தில் பணம் வந்தால் அன்றே தகவல் சொல்லி, செக்காகவே கொடுங்கள்.

ஜூனியருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. 2024-ல் உயர் நீதிமன்றம் சொன்ன குறைந்தபட்சம் சென்னை, மதுரை, கோவைக்கு மாதம் 20,000, மற்ற ஊர்களுக்கு 15,000. அது முடியாது என்றால் இப்போதைக்கு ஜூனியர் வேண்டாம். குமாஸ்தாவுக்கும் கேஸ் கொண்டுவருபவருக்கும் பீஸில் பங்கு தரவே கூடாது, வழக்கறிஞர் அல்லாதவருடன் பீஸைப் பகிர்வது விதிமீறல். தீபாவளிக்குப் போனஸ் தாராளமாகக் கொடுங்கள்.

நீங்களும் நண்பரும் பகிர்வது செலவை மட்டுமா, லாபத்தையும் சேர்த்தா? இதை எழுத்தில் போட்டுவிடுங்கள், அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

வருகிற சனிக்கிழமை 180 கட்டுகளையும் தரையில் இறக்குங்கள். கட்டுக்கு 3 நிமிடம் என்றால் 9 மணி நேரம், இரண்டு சனிக்கிழமை பிடிக்கும். அடுத்த தேதி இல்லாதவற்றைத் தனியாக ஒதுக்கி, திங்கட்கிழமை முதல் வேலையாக அவற்றைக் கையில் எடுங்கள்.