ஒமேகாவை வீழ்த்த எந்த ஜாப்களைச் சேர்ப்பது?

கேள்வி: ஃபைனல் ஃபேன்டசி 5 பிக்சல் ரீமாஸ்டர் வீடியோ கேமில் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். மற்ற பாஸ்களை (பெரிய எதிரிகளை) சமாளித்துவிட்டேன். ஒமேகாவிடம் மட்டும் பாதி அடி படுவதே இல்லை. பட்டால் உடனே திருப்பி அடித்துக் கொன்றுவிடுகிறது. எந்த ஜாப் (கதாபாத்திரம் ஏற்கும் தொழில்) சரியாக வரும்?

பதில்: தனியாக எந்த ஜாப்பும் போதாது. மூன்று ஜாப்களின் திறமையை ஒரே ஆளிடம் சேர்க்க வேண்டும்.

முதலில் ரேஞ்சரின் ரேபிட் ஃபயர். ஒரே முறையில் நான்கு அடி. ஒவ்வொன்றும் பாதி பலம்தான். ஆனால் தவறவே தவறாது, எதிரியின் தற்காப்பையும் பார்க்காது. ஒமேகாவின் பெரிய பலமே அடியிலிருந்து நழுவுவதுதான். அது இங்கே செல்லாது. அடுத்து, நின்ஜாவின் டூயல் வீல்ட். இரண்டு கையிலும் ஆயுதம் இருந்தால் நான்கு அடி எட்டாகும். கடைசியாக, மிஸ்டிக் நைட்டின் ஸ்பெல்பிளேடு. ஒமேகாவுக்கு மின்னல் ஆகாது. வாளில் தண்டகா என்ற மின்னல் மந்திரத்தை ஏற்றினால் எட்டு அடியும் அந்தப் பலவீனத்தில்தான் விழும். அதன் 55,530 ஹெச்பி (உயிர்ப் புள்ளிகள்) கரைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நின்ஜா ஜாப்பை முழுதாகக் கற்று முடித்த ஆளை ஃப்ரீலான்சர் (தொழில் எதுவும் ஏற்காத அடிப்படை ஜாப்) ஆக்குங்கள். டூயல் வீல்ட் தானாகவே வந்துவிடும். திறமைகளுக்குக் காலியாக இருக்கும் இரண்டு இடத்திலும் ஸ்பெல்பிளேடு, ரேபிட் ஃபயர். முதல் முறை தண்டகா ஏற்றுங்கள், அப்புறம் அடி. ஈட்டி வேண்டாம், வாளோ கத்தியோ போதும்.

ரேபிட் ஃபயருக்கு மட்டுமே 405 ஏபிபி (ஜாப் திறமைகளைக் கற்கச் சேர்க்கும் புள்ளிகள்) வேண்டும். அதனால் நான்கு பேருக்கும் பங்கு போடாதீர்கள், இரண்டு பேரைத் தயார் செய்தால் போதும். பால் கோட்டையின் அடித்தளத்தில் வரும் சிலைகள் கோல்டு நீடில் என்ற பொருளை ஒரு முறை பயன்படுத்தினாலே சாகும். ஏபிபி சேர்க்க எனக்குப் பிடித்த இடம் அது. நின்ஜா வரை பொறுமை இல்லையா? மிஸ்டிக் நைட்டாகவே இருந்து, காலி இடத்தில் ரேபிட் ஃபயரை வையுங்கள். நான்கு அடிதான், ஆனாலும் பலமான கூட்டு.

மூன்றாவது ஆள் பார்ட் (பாடகர் ஜாப்) ஆகட்டும். ரோமியோஸ் பேலட் பாடினால் ஒமேகா அப்படியே நின்றுவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒன்று மட்டும்: ரேபிட் ஃபயர் இலக்கைத் தானே தேர்ந்தெடுக்கும். எதிரிகள் கூட்டமாக வந்தால் அடி சிதறும், தனி பாஸுக்கே வைத்துக்கொள்ளுங்கள். ஷின்ரியூ என்ற இன்னொரு பாஸிடம் போகும் முன் நால்வருக்கும் நீர்த் தாக்குதலிலிருந்து காக்கும் கோரல் ரிங் மாட்டுங்கள். ஷின்ரியூவின் முதல் தாக்குதலே டைடல் வேவ் என்ற பேரலை.