ஜாஸில் டிராம்போன் என்ற ஊதுகருவியை வாசிக்கும் கலைஞர் ஒருவரின் முதல் ஆல்பத்தைக் கேட்டுப் பார்க்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பலரும் ஜே. ஜே. ஜான்சனைத்தான் சொல்வார்கள். தப்பில்லை. டிராம்போனில் விரல் வைத்து வாசிக்க வழியில்லை. குழாயையே முன்னும் பின்னும் இழுத்துத்தான் சுரம் பிடிக்க வேண்டும். அதில் பீபாப் என்ற அதிவேக ஜாஸ் பாணியின் வேகத்துக்கு ஒரு சுரம்கூடக் குழையாமல் வாசித்துக் காட்டியவர் அவர்.

என்னைக் கேட்டால், டிராம்போன் கலைஞர் கிரேஷன் மொன்கர் ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தன் பெயரில் செய்த முதல் ஆல்பம், 'எவல்யூஷன்'. இவருக்கு அந்த ஓட்டப் பந்தயத்தில் ஆர்வமே இல்லை.

1963 நவம்பர் 21, நியூ ஜெர்சியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவானது. (மறுநாள்தான் கென்னடி சுடப்பட்டார்.) மொன்கருக்கு 26 வயது. நான்கே உருப்படிகள், நான்கும் அவர் எழுதியவை. டிரம்ஸில் டோனி வில்லியம்ஸ், அப்போது 17 வயதுப் பையன்! பியானோ கிடையாது. அந்த இடத்தில் பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி. அவர் ஒரு தட்டு தட்டிவிட்டு, அந்த ஒலி தேய்ந்து அடங்கும்வரை சும்மா இருப்பார். அந்த வெற்றிடத்தில்தான் டிராம்போன் நிதானமாக நடை போடுகிறது.

ஆல்பத்தின் பெயரையே கொண்ட உருப்படி சுமார் 12 நிமிடம். ஊதுகுழல்கள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்கின்றன. முதல் தடவை கேட்டபோது, செயலிதான் மாட்டிக்கொண்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். பாதியில் நிறுத்தியும் விட்டேன். மறுபடி கேட்கச் சில மாதங்கள் ஆயின.

டிரம்பெட் வாசிக்கும் லீ மார்கன் இன்னொரு வேடிக்கை. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 21 அன்று, இதே ஸ்டுடியோவில்தான் காலால் தாளம் போட வைக்கும் 'சைட்வைண்டர்' என்ற தன் ஆல்பத்தைப் பதிவு செய்தார். இங்கோ தெரியாத ஊரில் வழி விசாரித்துப் போகிறவர் மாதிரி வாசிக்கிறார். எனக்கு இந்த மார்கனைத்தான் அதிகம் பிடிக்கிறது.

புதிதாகக் கேட்பவர் வரிசைப்படி போக வேண்டாம். கடைசி உருப்படியான 'மங்க் இன் வொண்டர்லேண்ட்'தான் சிரித்த முகத்தோடு வரவேற்கும். அப்புறம் 'ஏர் ரெய்ட்'. அந்த 12 நிமிட உருப்படியை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் அவசியம், போன் ஸ்பீக்கரில் பாப் கிரான்ஷாவின் பாஸ் காணாமலே போய்விடும்.